முதலில் கத்தரிக்கோல், பிறகு கருவி: பேக்கிங் உறைகளில் கன உலோகம் தேடுவோருக்கு

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கைவைக்க ஆசைப்படுவது எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும்) கருவியில்தான். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் அரை நிமிடத்தில் ஈயம் இத்தனை, காட்மியம் இத்தனை என்று திரையில் எண்கள் வந்துவிடும். முதல் வாரம் நான் அதைக் கையில் தருவதில்லை. ஒரு கத்தரிக்கோலும் ஒரு கட்டு காலி உறைகளும் கொடுத்து, பிரித்துப் போடுங்கள் என்பேன். சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் கருவி சொல்லும் எண் கதிர் பட்ட இடத்துக்கு மட்டுமே உரியது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் இருந்ததா, மையா, பசையா, பின்னால் இருந்த மேசையா என்பது தெரியாதவரை அது வெறும் எண்தான்.

வீட்டுக்கு வரும் பொருட்களைச் சுற்றியிருக்கும் பை, டப்பா, மூடி, லேபிள், ஒட்டுநாடா ஆகியவற்றில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று முதன்முறையாகச் சோதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர் அமைப்பில் இருப்பவர், சிறு நிறுவனத்தில் தரம் பார்ப்பவர், வேதியியல் மாணவர் யாராக இருந்தாலும் பாதை ஒன்றுதான்.

எதைத் தேடுகிறோம்

நாலே உலோகங்கள்: ஈயம், காட்மியம், பாதரசம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்). நாலும் சேர்ந்து 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பதுதான் பல நாடுகளில் இன்று புழங்கும் வரம்பு. ஒரு கிலோ பொருளில் 100 மில்லிகிராம், அதாவது 0.01 சதவீதம். பத்து கிராம் எடையுள்ள பையில் நாலு உலோகமும் சேர்ந்து ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

"சேர்ந்து" என்ற சொல்லைப் புதியவர்கள் தவறவிடுவார்கள். ஈயம் 60, காட்மியம் 50 என்று வந்தால் இரண்டும் தனித்தனியே நூறுக்குக் கீழேதான் இருக்கின்றன. கூட்டினால் 110. அந்த உறை தேறாது.

இந்த எண் அமெரிக்காவில் தொடங்கியது. வடகிழக்கு மாநில ஆளுநர்களின் கூட்டமைப்பு 1989-ல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. பல மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமாக்கிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் கொண்டுவந்த பேக்கிங் விதியில் (94/62) வரம்பைப் படிப்படியாக இறக்கியது: 1998-ல் 600 பிபிஎம், 1999-ல் 250, 2001-ல் 100. 2025-ல் வந்த புதிய ஐரோப்பிய ஒழுங்குமுறையும் அதே நூறில்தான் நிற்கிறது. அமெரிக்க மாதிரிச் சட்டத்தில் இன்னொரு பிடியும் உண்டு. இந்த உலோகங்களை வேண்டுமென்றே சேர்ப்பதே தவறு. 100 பிபிஎம் என்பது தற்செயலாக ஒட்டிக்கொண்டு வருவதற்குக் கொடுத்த சலுகை மட்டுமே. வரம்பு வரை சேர்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி கிடையாது.

சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்தால் சோதனை முறையும் எளிதாகப் புரியும். அந்தக் காலத்துக் கவலை குப்பையைப் பற்றியது. நகரக் குப்பையை எரித்தால் சாம்பலில் ஈயமும் காட்மியமும் தேங்கும். புதைத்தால் கசிந்து நிலத்தடி நீருக்குப் போகும். அதனால் இங்கே கேட்கும் கேள்வி, உறைக்குள் மொத்தம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது. உறையிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பார்க்கும் தனிச் சோதனைகள் உண்டு. "கசிவுச் சோதனையில் ஒன்றும் வரவில்லை, எங்கள் பை சுத்தம்" என்று சான்றிதழ் காட்டுகிற விற்பனையாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காட்டுவது வேறு கேள்விக்கான விடை.

உலோகம் எங்கே ஒளிந்திருக்கும்

கையில் கிடைத்த உறையையெல்லாம் சோதித்தால் ஆயிரம் அளவீடுகளுக்குப் பிறகு சலிப்புதான் மிஞ்சும். பெரும்பாலான பேக்கிங்கில் ஒன்றும் இருக்காது. வெறும் அட்டைப்பெட்டி, ஒளி ஊடுருவும் பாலித்தீன், சாதாரண பெட் (PET) பாட்டில் ஆகியவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முதல் சந்தேகம் மெத்தென்ற பிவிசி மேல் வரட்டும். போர்வை, தலையணை உறை, அழகுசாதனப் பொருட்கள், சிறு பொம்மைகள் வருகிற, தடித்த, கண்ணாடி போல் தெரியும் ஜிப் பைகள் பெரும்பாலும் இந்த வகை. பிவிசியைச் சூடாக்கி வார்க்கும்போது அது சிதையும். சிதையாமல் தடுக்க நிலைப்படுத்திகள் சேர்க்க வேண்டும். முன்பு அதற்கு ஈய உப்புகளும், பேரியம் காட்மியம் கலவையும் மலிவாகக் கிடைத்தன. இன்று கால்சியம் துத்தநாகம், பேரியம் துத்தநாகம் என்று மாற்று இருக்கிறது. ஆனாலும் மலிவுச் சரக்கில் பழைய வழக்கம் எட்டிப் பார்க்கும். டாக்சிக்ஸ் இன் பேக்கேஜிங் கிளியரிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மாநிலங்களின் அமைப்பு 2000-களில் சந்தைச் சரக்குகளைச் சோதித்தபோதும், அதிகம் சிக்கியவை இறக்குமதியான பிவிசி பைகளே.

அடுத்தது நிறம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. ஈயக் குரோமேட் என்ற நிறமி மஞ்சள் தரும். மாலிப்டேட் ஆரஞ்சு அதன் தம்பி. காட்மியம் சல்பைடு மஞ்சள் தரும். அதில் செலினியம் ஏற ஏற ஆரஞ்சாகிச் சிவப்பாகும். பச்சை பல நேரம் மஞ்சளும் நீலமும் கலந்தது, ஆகவே அதிலும் ஈயக் குரோமேட் இருக்கலாம். கடைப் பைகளின் மேல் அச்சடிக்கும் மையில் இவற்றை எதிர்பாருங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் தனிக் கதை. பழைய மின்னணுக் கழிவை உருக்கி வார்த்ததாக இருந்தால் புரோமினும் ஆன்டிமனியும் கூடவே ஈயமும் காட்மியமும் வரும். வெளிப்புறம் வண்ணப் பூச்சால் அலங்கரித்த கண்ணாடி பாட்டில்களையும் விடாதீர்கள். அந்தப் பூச்சு உருகிய கண்ணாடித் தூள். ஈயம் சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகும் என்பதால் சேர்ப்பார்கள். தகர டப்பாவின் பக்கவாட்டு ஈயப் பற்றவைப்பை அமெரிக்கா 1995-லும், ஒயின் பாட்டில் கழுத்தைச் சுற்றும் ஈயத் தகட்டை 1996-லும் தடைசெய்தது. பழைய சேகரிப்புகளைச் சோதிப்பவர்களுக்கு மட்டும் இவை கண்ணில் படலாம்.

பாதரசம் பேக்கிங்கில் வருவது அபூர்வம். திரையில் பாதரசம் தெரிந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

படி ஒன்று: மாதிரியை எடுத்து வையுங்கள்

ஒரே பேட்ச்சில் மூன்று எண்ணமாவது வாங்குங்கள். ஒன்று வெட்ட, ஒன்று வெளி ஆய்வகத்துக்கு, ஒன்று தொடாமல் வைக்க. வாங்கியதும் உள்ளே பொருள் இருக்கும்போதே முன்னும் பின்னும் படம் எடுங்கள். பார்கோடு, பேட்ச் எண், தயாரிப்பு நாடு, வாங்கிய தேதி எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, சுத்தமான நிறமற்ற பாலித்தீன் பையில் தனித்தனியாகப் போடுங்கள்.

உள்ளே இருந்த பொருளை முழுக்க எடுத்துவிடுங்கள். தூள், எண்ணெய், களிம்பு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஆல்கஹால் போட்டுத் தேய்த்தால் சில அச்சு மைகள் கரைந்து வரும், சோதிக்க வேண்டியதே துணியோடு போய்விடும். அதனால் மையுள்ள பக்கத்தில் தண்ணீரே போதும்.

படி இரண்டு: பிரித்துப் போடுங்கள்

இதுதான் கத்தரிக்கோலின் வேலை. சட்டம் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பையின் உடல் ஒரு உறுப்பு. ஜிப் ஒன்று. ஜிப்பை இழுக்கும் உலோகத் துண்டு இன்னொன்று. கைப்பிடி, ஓரத்தில் தைத்த பட்டை, கொக்கி, லேபிள், லேபிளின் பசை, அச்சு மை எல்லாம் தனித்தனி. நூறு கிராம் சுத்தமான பையோடு ஒரு கிராம் அழுக்கு ஜிப்பைச் சேர்த்துச் சராசரி போட்டு "தேறிவிட்டது" என்று சொல்ல முடியாது.

மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, வெட்டிய உறுப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள்: 7-அ உடல், 7-ஆ ஜிப், 7-இ இழுப்பான், 7-ஈ மஞ்சள் மை உள்ள பகுதி, 7-உ மை இல்லாத பகுதி. மையுள்ள பகுதியும் இல்லாத பகுதியும் தனித்தனியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே பிளாஸ்டிக். அளவில் வித்தியாசம் வந்தால் அது மையிலிருந்து வந்தது.

பிளாஸ்டிக் பிவிசியா என்று இந்த இடத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரில் மிதக்கும், பிவிசி மூழ்கும். பெட்டும் மூழ்கும் என்பதால் இது முதல் சல்லடை மட்டுமே. செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் எழுவது குளோரினின் அடையாளம். புகை நச்சு, புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள். எக்ஸ்ஆர்எஃப் கையிலிருந்தால் சுடரே வேண்டாம், குளோரினை அதுவே காட்டிவிடும்.

படி மூன்று: எக்ஸ்ஆர்எஃப்

கருவி செய்வது இதுதான். எக்ஸ்-கதிர் ஒரு அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றும். காலியான இடத்தை வெளிவட்ட எலக்ட்ரான் ஒன்று இறங்கி நிரப்பும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு இன்னொரு எக்ஸ்-கதிர் கிளம்பும். காட்மியத்துக்கு அது சுமார் 23.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட், குரோமியத்துக்கு 5.4, ஈயத்துக்கு 10.55, 12.6 என்று முக்கியமான இரண்டு. எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று எண்ணித்தான் கருவி பிபிஎம் சொல்கிறது.

பாதுகாப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், விட்டுக்கொடுக்க முடியாத இடம் இது. மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருபோதும் விசையை அழுத்தாதீர்கள். மூடியுள்ள சோதனைத் தாங்கியில் வைத்து, மூடியை மூடிய பின்பே அளவிடுங்கள். யார் பக்கமும் நீட்டாதீர்கள், எதிரே சுவர் இருந்தாலும் அதற்குப் பின்னால் ஆள் இருக்கலாம். உங்கள் நாட்டின் கதிரியக்கப் பாதுகாப்பு விதிப்படி உரிமமும் பயிற்சியும் கதிர்வீச்சு அளவு காட்டும் பட்டையும் தேவைப்படும்.

அளவிடும் முன் கருவியில் சரியான முறையைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஒரு முறை, உலோகக் கலவைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என்று இருக்கும். சில கருவிகளில் பிவிசிக்கும் மற்ற பிளாஸ்டிக்குக்கும் தனித்தனி. ஜிப்பின் உலோக இழுப்பானை பிளாஸ்டிக் முறையில் அளந்தால் வரும் எண் கற்பனை. பிறகு, அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை அளந்து பாருங்கள். பாலித்தீனில் இந்த உலோகங்கள் குறிப்பிட்ட அளவு கலந்த இஆர்எம்-இசி680, இசி681 போன்ற சான்றளித்த மாதிரிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. காலையில் ஒன்று, வேலை முடியும்போது ஒன்று. இடையில் ஒரு சுத்தமான பாலித்தீன் துண்டையும் அளந்து, ஒன்றும் வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இப்போது புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம்: தடிமன். எக்ஸ்-கதிர் மெல்லிய பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பின்னால் போய்விடும். தாள் போதிய தடிமன் இல்லாததால் கருவி குறைத்துச் சொல்லும். பிளாஸ்டிக்குக்குக் குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்மியத்தின் கதிர் இன்னும் ஆழத்திலிருந்து வரும் என்பதால் அதற்கு மேலும் தடித்தால் நல்லது. 50 மைக்ரான் பையை 5 மில்லிமீட்டராக்க நூறு அடுக்கு வரும்படி மடிக்க வேண்டும். ஆமாம், நூறு. இடையில் காற்று தங்காமல் இறுக்கி மடித்து ஓரத்தைக் கிளிப்பால் பிடியுங்கள், கிளிப் கதிர் படும் இடத்தில் வராமல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒற்றைத் தாளாக ஒரு பையை மேசைமேல் விரித்து அளந்தேன். ஈயம் 400-க்கு மேல். ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் பையை எடுத்துவிட்டு வெறும் மேசையை அளக்கச் சொன்னார். அந்தப் பழைய மேசையின் பெயின்ட்டில்தான் ஈயம். பை பரிசுத்தம். அதற்குப் பிறகு எந்த மாதிரியைத் தாங்கியில் வைத்தாலும், பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒவ்வொரு உறுப்பையும் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். முதல் சல்லடைக்கு 30 விநாடி போதும். ஏதாவது தென்பட்டால் 90 அல்லது 120 விநாடிக்கு நீட்டுங்கள். அளக்கும் பரப்பைச் சுருக்கும் வசதி இருந்தால் சின்ன உறுப்புகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். பாட்டில் போல வளைந்த பரப்பில் கருவிக்கும் மாதிரிக்கும் நடுவே இடைவெளி விழும், அங்கேயும் எண் குறையும்.

படி நான்கு: எண்ணைப் படிப்பது

திரையில் ஈயம் 82 ± 9 என்று இருந்தால் அந்த ஒன்பது எதைக் குறிக்கிறது என்று கருவியின் கையேட்டில் பாருங்கள். சில கருவிகள் ஒரு சிக்மா (திட்டவிலக்கம்) காட்டும், சில இரண்டு. "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். கருவியால் காண முடிந்த குறைந்த அளவு 10 என்றால் "10-க்குக் கீழ்" என்று எழுதுங்கள். நாலு உலோகத்திலும் இப்படி வந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம் அல்ல, 40-க்குக் கீழ் என்பதே பொருள்.

என் வழக்கம் இது. நாலும் கூட்டி 50-க்குக் கீழ் இருந்தால் விட்டுவிடுவேன். 150-க்கு மேல் போனால் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். நடுவில் இருந்தால் மடிப்பைக் கூட்டி, நேரத்தை நீட்டி, மீண்டும் அளப்பேன். அப்போதும் தெளியாவிட்டால் அதுவும் ஆய்வகத்துக்கு. அச்சு மைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்று கீழே பாருங்கள்.

மை இருக்கும் படலத்தின் தடிமன் 60 மைக்ரான், அதன் மேல் மை 2 மைக்ரான் என்று கொள்வோம். இப்படிப்பட்ட தாள்களை அடுக்கி அளந்தால் மையும் பிளாஸ்டிக்கும் கலந்த சராசரிதான் வரும். மையுள்ள பகுதியில் ஈயம் 30 பிபிஎம், மையில்லாத பகுதியில் ஒன்றுமில்லை என்று கருவி சொல்கிறது. முப்பது என்றால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஈயம் முழுவதும் 62 மைக்ரானில் 2 மைக்ரானுக்குள் அடைந்திருக்கிறது. 31 மடங்கு. அடர்த்தி ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் மையில் மட்டும் 930 பிபிஎம் வருகிறது. மையும் ஒரு தனி உறுப்பு என்பதை மறக்க வேண்டாம். இந்தக் கணக்கைப் போடாமல் எத்தனை வண்ணப் பைகளைத் "தேறியது" பட்டியலில் சேர்த்திருப்போமோ என்று எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு.

தனிமங்கள் தனியாக வருவதில்லை, துணையோடு வரும். துணையைப் பார்த்தால் கதை தெரியும். குளோரினும் பேரியமும் காட்மியமும் சேர்ந்திருந்தால் பழைய பாணி பிவிசி நிலைப்படுத்தி. காட்மியத்தோடு செலினியம் இருந்தால் சிவப்பு நிறமி. புரோமின், ஆன்டிமனி, ஈயம் கூட்டணி அமைத்தால் மறுசுழற்சி செய்த மின்னணுக் கழிவு. ஈயமும் குரோமியமும் ஒன்றாக, ஈயம் குரோமியத்தைப்போல் நாலு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் ஈயக் குரோமேட் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். தூய ஈயக் குரோமேட்டின் எடையில் ஈயம் 64 சதவீதம், குரோமியம் 16. கடைகளில் விற்கும் நிறமியில் ஈய சல்பேட்டும் கலந்திருப்பதால் ஈயத்தின் பங்கு இன்னும் ஏறும்.

பொய்த் தடங்களும் உண்டு. ஒரு தனிமம் தனக்கே உரிய ஆற்றலில் வெளிவிடும் கதிரைக் கோடு என்போம். ஈயத்தின் 10.55 கோடும் ஆர்செனிக்கின் 10.54 கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. ஆகவே ஈயம் என்று சொல்லும் முன் 12.6-லும் சிகரம் இருக்கிறதா என்று நிறமாலையை (எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்று காட்டும் வரைபடத்தை) திறந்து பாருங்கள். பாதரசத்தின் 11.8 கோடு புரோமினின் 11.9 கோட்டுக்குள் புதைந்துபோகும். புரோமின் நிறைந்த கறுப்பு பிளாஸ்டிக்கில் கருவி இல்லாத பாதரசத்தைக் காட்டுவது இப்படித்தான். வெனேடியத்தின் இரண்டாம் கோடு குரோமியத்தின் மேல் விழும். பெட் பாட்டிலில் ஆன்டிமனி 200, 300 என்று வந்தால் பதறாதீர்கள். அது தயாரிப்பில் பயன்பட்ட வினையூக்கியின் மிச்சம், நம் நாலு பேர் பட்டியலில் அது இல்லை.

குரோமியத்தில் இன்னொரு சிக்கல். கருவிக்கு மொத்தக் குரோமியம்தான் தெரியும். நச்சான ஆறு இணைதிறனா, சாதாரண மூன்றா என்று அதற்குத் தெரியாது. மொத்தமே வரம்புக்குள் என்றால் கவலை இல்லை, அதற்குள் அடங்கிய ஆறு இணைதிறன் அதைவிடக் கூடுதலாக இருக்க வழியில்லை. மொத்தம் எகிறினால் வேதிச் சோதனை வேண்டும். தகர டப்பாவிலும் துருப்பிடிக்காத எஃகிலும் குரோமியம் கட்டாயம் தெரியும். அது உலோகமாகவோ மூன்று இணைதிறனாகவோ இருப்பதுதான் வழக்கம்.

வீட்டிலிருந்தே சோதிக்கலாமா?

கடையில் விற்கும் ஈயச் சோதனைக் குச்சிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ரோடிசோனேட் வகை ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகும், சல்பைடு வகை கறுக்கும். இரண்டும் மேற்பரப்பில் கைக்கெட்டும் ஈயத்தை மட்டுமே காணும். பிவிசிக்குள் கட்டுண்டிருக்கும் ஈயம் குச்சிக்கு எட்டாது. காட்மியம் பக்கமே அது போகாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அலுவலர்கள் 2007-ல் இத்தகைய குச்சிகளைச் சோதித்து, நம்பத்தக்கவை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். நிறம் மாறினால் மேலே சோதிக்க ஒரு காரணம் கிடைத்தது. நிறம் மாறாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து, கருவியுள்ள ஆய்வகத்துக்கு ஒரு துண்டை அனுப்புவது மேல்.

படி ஐந்து: ஆய்வகத்துக்கு அனுப்புவது

எக்ஸ்ஆர்எஃப் சல்லடை. நீதிமன்றத்துக்கோ தயாரிப்பாளருக்கோ போகும் எண், மாதிரியை அமிலத்தில் கரைத்து ஐசிபி (கரைசலைப் பிளாஸ்மாவில் தூவித் தனிமங்களை அளக்கும்) கருவியில் அளந்ததாக இருக்க வேண்டும். சோதனைக் கூடங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த அங்கீகாரம் இந்தச் சோதனையையும் உள்ளடக்குகிறதா என்றும் பாருங்கள். பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம், முழுவதும் கரைத்தார்களா என்பது. ஒருமுறை எங்கள் கருவியில் 380 பிபிஎம் ஈயம் காட்டிய ஒரு மஞ்சள் உறைக்கு, வெளி ஆய்வகம் ஒன்று 12 என்று அறிக்கை அனுப்பியது. தொலைபேசியில் கேட்டேன்: "அமிலத்தில் போட்ட பிறகு குழாயின் அடியில் ஏதாவது மிச்சம் இருந்ததா?" சற்று மௌனம். "கொஞ்சம் மஞ்சளாக இருந்தது, வடிகட்டிவிட்டோம்." வடிகட்டியில் போனதுதான் நாங்கள் தேடிய ஈயம்.

அவர்கள் பயன்படுத்தியது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இபிஏ) 3050பி என்ற முறை. மண்ணுக்கும் கசடுக்கும் உருவானது. சூடான அமிலத்தில் கழன்று வருவதை மட்டும் அளக்கும், பிளாஸ்டிக்கையும் நிறமியையும் முழுக்க உடைக்காது. பேக்கிங்குக்குத் தேவை முழுக் கரைப்பு. மூடிய கலனில் நுண்ணலை அடுப்பில், தேவைப்பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்த்துக் கரைக்கும் இபிஏ 3052 போன்ற முறை. மூடிய கலன் என்பதால் எளிதில் ஆவியாகும் பாதரசமும் தப்பாது. பிவிசியைத் திறந்த உலையில் சாம்பலாக்கினால் காட்மியமும் ஈயமும் குளோரைடாகிப் பறந்துவிடக் கூடும். கந்தக அமிலம் ஊற்றினால் ஈய சல்பேட் வீழ்படிவாகி அடியில் உட்காரும். வழிகள் வேறு, விளைவு ஒன்றுதான்: இருக்கும் உலோகம் அறிக்கையில் இருக்காது.

ஆகவே மாதிரியோடு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எந்த உறுப்பு என்று. மற்ற உறுப்புகளோடு கலந்து அரைக்கக் கூடாது என்று. மொத்த அளவு வேண்டும், கசிவு வேண்டாம் என்று. கரைத்தபின் திடமிச்சம் இருந்ததா என்பதை அறிக்கையில் எழுத வேண்டும் என்று. அளவு தெரிந்த உலோகத்தைக் கலந்து எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்று காட்ட வேண்டும் என்று. உங்கள் எக்ஸ்ஆர்எஃப் எண்ணை முன்கூட்டியே சொல்லாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லிவிடுவேன். 380 எதிர்பார்க்கிற இடத்தில் 12 வந்தால் அவர்களே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனி மாதிரி கொடுங்கள். அதை அமிலத்தில் கரைத்தால் இணைதிறனே மாறிவிடும். காரக் கரைசலில் 90 முதல் 95 டிகிரியில் சூடாக்கிப் பிரித்து, டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து, எழும் செவ்வூதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளப்பார்கள்.

படி ஆறு: எழுதி வைப்பது

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரி: மாதிரி எண், உறுப்பு, நிறம், மடிப்புகளின் எண்ணிக்கை, கருவி முறை, விநாடிகள், நாலு உலோகங்களும் பிழை வரம்போடு, குளோரின், புரோமின் போன்ற துணைகள், அளந்தவர், தேதி. மடிப்பு எண்ணிக்கையை எழுத மறந்தால் ஆறு மாதம் கழித்து அந்த எண்ணை நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஆய்வக எண் வந்து வரம்பைத் தாண்டியது உறுதியானால் முதலில் தயாரிப்பாளருக்கோ இறக்குமதியாளருக்கோ எழுதி, இணக்கச் சான்றிதழ் கேளுங்கள். சட்டம் இருக்கும் இடங்களில் அதை வைத்திருப்பது அவர்கள் கடமை. சான்றிதழ் வந்தால் அதில் உள்ள சோதனை முறையைப் படியுங்கள். கசிவுச் சோதனையோ 3050பியோ இருந்தால் மேலே சொன்னதெல்லாம் நினைவுக்கு வரும். எக்ஸ்ஆர்எஃப் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள். மேசைப் பெயின்ட் கதை உங்களுக்கும் நடக்கும்.

தேறாத உறைகளை மறுசுழற்சிக் கூடையில் போட வேண்டாம், அடுத்த உறையாக அவை திரும்பி வரும். எரிக்கவும் வேண்டாம். அபாயக் கழிவோடு சேருங்கள். தொடாமல் எடுத்துவைத்த அந்த மூன்றாவது உறையை மட்டும் விவகாரம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பெரும்பாலும் வரும் முதல் பதில் "அது எங்கள் சரக்கே இல்லை" என்பதுதான். அப்போது காட்ட வேண்டியது பேட்ச் எண். அது உறையின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் உறையில் கத்தரிக்கோல் வைக்கும்போதும் அந்த மூலையை வெட்டிவிடாதீர்கள்.